150 பெட்டி ஜவுளியும் ‘ஃப்ரைட் வேண்டாம்’ என்ற கொட்டேஷனும்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் சிறிய அளவில் ஜவுளி வியாபாரம் செய்கிறோம். மெல்போர்னில் கடை நடத்தும் ஒருவர் ஈரிழைத் துண்டு, பருத்தி வேட்டி, இளம்பிள்ளைச் சேலை என மொத்தம் 150 அட்டைப்பெட்டி கேட்டிருக்கிறார். இதுவரை கூரியரில் பத்து, இருபது கிலோ அனுப்பித்தான் பழக்கம். கப்பலுக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சிபிஎம்முக்கு (ஒரு கனமீட்டருக்கு) இத்தனை டாலர் என்கிறார். மற்றவர், “ஃப்ரைட்டே (கப்பல் கட்டணமே) வேண்டாம், இங்கே ஆகும் செலவை மட்டும் கொடுங்கள்” என்கிறார். யாரிடம் கொடுப்பது? தனிக் கன்டெய்னர் எடுக்கலாமா? பெட்டி 60×45×40 செ.மீ., எடை சுமார் 22 கிலோ. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய வேட்டிகள் பூஞ்சை பிடித்துப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பயமும் இருக்கிறது. — வாசகி, சேலம்.

பதில்: சகோதரி, ஃப்ரைட் வேண்டாம் என்றவர் தர்மம் செய்யவில்லை. பணத்தை உங்களிடம் வாங்காமல் உங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கப்போகிறார். பல பேருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவதுதான் எல்சிஎல். இதில் சரக்கைத் திரட்டுகிறவருக்கு இரண்டு முனையிலும் வருமானம் உண்டு. இங்கே சரக்கு பிடிக்க விலையைப் பூஜ்யத்துக்கு இறக்குவார். மெல்போர்னில் இருக்கும் அவருடைய ஏஜென்ட் கன்டெய்னரைப் பிரித்த கூலி, டெலிவரி ஆர்டர், ஆவணக் கட்டணம், துறைமுகக் கட்டணம் என்று சிபிஎம் கணக்கில் பில் போடுவார். அந்த பில் கைக்கு வரும்போது சரக்கு அவர்களுடைய கிடங்கில் இருக்கும். பேரம் பேசும் ஒவ்வொரு நாளுக்கும் கிடங்கு வாடகை ஏறும். வாங்குகிறவர் கட்டித்தான் எடுப்பார், அடுத்த ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுப்பார்.

அதனால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மெல்போர்னில் வாங்குகிறவர் கட்ட வேண்டிய டெஸ்டினேஷன் சார்ஜ் எவ்வளவு, சிபிஎம்முக்கு எவ்வளவு, பில் ஒன்றுக்கு எவ்வளவு? பதில் எழுத்தில் வர வேண்டும். இரண்டு முனையையும் கூட்டிய தொகையை வைத்துத்தான் ஒப்பிட முடியும். கூடவே, பெட்டி நேராக மெல்போர்ன் போகிறதா, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பிரித்து வேறு கன்டெய்னரில் ஏற்றப்படுகிறதா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பெட்டி அடிபடும், நாளும் கூடும். தூத்துக்குடியை விடச் சென்னையில் எல்சிஎல் சேவைகள் அதிகம். சேலத்திலிருந்து இரண்டுமே ஓர் இரவு லாரி ஓட்டம்தான் என்பதால் இரண்டு துறைமுகத்துக்கும் விலை கேட்பதில் நஷ்டமில்லை.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். கப்பலில் ஒரு கனமீட்டரையும் ஆயிரம் கிலோவையும் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். ஜவுளி எப்போதும் கன அளவில்தான் மாட்டும். உங்கள் பெட்டி 0.108 சிபிஎம், 150 பெட்டிக்கு 16.2 சிபிஎம். எடை 3.3 டன்தான். ஆக நீங்கள் காசு கொடுப்பது இடத்துக்கு.

இந்த 16.2 காகிதக் கணக்கு. சிஎஃப்எஸ் என்ற, சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றும் கிடங்கில் டேப் வைத்து அளக்கும்போது பெட்டியின் புடைப்பையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். துணியை அமுக்கித் திணித்த பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 2 செ.மீ. புடைத்தால் 62×47×42. மொத்தம் 18.36 சிபிஎம் ஆகிவிடும். இரண்டு சிபிஎம்முக்கு மேல் வெறும் புடைப்புக்குக் கட்டணம். எதிர்த் தவறும் உண்டு. பெட்டிக்குள் மேலே ஆறு செ.மீ. காலியாக விட்டு மூடினால் அந்தக் காற்றுக்கும் காசு. பெட்டி உயரத்தை 34 செ.மீ.யாகக் குறைக்க முடிந்தால் மொத்தம் 13.77 சிபிஎம்தான். எனவே பெட்டி செய்ய ஆர்டர் கொடுக்கும் முன் துண்டையும் வேட்டியையும் மடித்து அடுக்கி அளந்து பாருங்கள். மடிப்பை மாற்றினால் பல சமயம் பெட்டியே மாறும். ஐந்து அடுக்கு அட்டையாவது வேண்டும், எல்சிஎல் என்றால் ஏழு அடுக்கு. உங்கள் பெட்டிமேல் என்ன ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அட்டை தன் பலத்தில் பாதிக்கு அருகில் இழந்துவிடும். இங்கே நிமிர்ந்து நின்ற பெட்டி நடுக்கடலில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். எடையை 22 கிலோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் இறக்குகிறவர்கள் தூக்க மாட்டார்கள், உருட்டுவார்கள்.

தனிக் கன்டெய்னர் பற்றி. இருபது அடிக் கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 5.9×2.35×2.39 மீட்டர். கணக்குக்கு 33 சிபிஎம். பெட்டி அடுக்கினால் 26, 28க்கு மேல் ஏறாது. பொதுவாக 13 முதல் 15 சிபிஎம் வந்துவிட்டால் எல்சிஎல்லும் தனிக் கன்டெய்னரும் விலையில் நெருங்கும். நீங்கள் ஏறக்குறைய அந்த இடத்தில் இருக்கிறீர்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் நான் தனிக் கன்டெய்னர் பக்கம்தான் சாய்வேன், முக்கியக் காரணம் பக்கத்துச் சரக்கு. எல்சிஎல்லில் உங்கள் வேட்டிக்குப் பக்கத்தில் மஞ்சளோ மசாலாவோ தோலோ வரலாம், துணி வாடையை உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்: மெல்போர்னில் அவர் கடைக்குக் கன்டெய்னர் போய் நின்று இறக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கே ஒரு கிடங்கில் பிரிக்க வேண்டும், அந்தச் செலவையும் கூட்டுங்கள். தனிக் கன்டெய்னருக்கு நிரப்பிய மொத்த எடையை விஜிஎம் என்று நீங்களே உறுதிசெய்து கொடுக்க வேண்டும். 2016 ஜூலை முதல் அது இல்லாமல் கப்பலில் ஏற்றுவதில்லை.

நிரப்பும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பாதிச் சரக்குதானே என்று முன்பக்கம் கூரை வரை அடுக்கிக் கதவுப் பக்கத்தைக் காலியாக விடுவார்கள். அலையில் அந்தச் சுவர் சரிந்துவிடும். உங்கள் பெட்டி தரையில் ஓர் அடுக்குக்கு 9×5, அதாவது 45 பிடிக்கும். 150 பெட்டி என்றால் மூன்று அடுக்கும் சொச்சம் 15 பெட்டியும். தரை முழுக்கப் பரப்பி, மூலைமேல் மூலை வரும்படி அடுக்குங்கள், பெட்டியின் பலம் மூலையில்தான். சொச்சத்தை நடுவில் வைத்துக் கட்டி, இடைவெளியில் காற்றுப் பை வையுங்கள். ஏற்றும் முன் ஓர் ஆள் காலிக் கன்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்க்கட்டும். எங்கே வெளிச்சம் பொட்டாகத் தெரிகிறதோ அங்கே மழையும் வரும்.

பூஞ்சைக்கு வருவோம், உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான். பலரும் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் தண்ணீர் துணியோடு சேலத்திலிருந்தே போயிருக்கும். பருத்தி இயல்பாகவே சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு டன் வேட்டியில் ஏறக்குறைய 80 கிலோ தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேக் செய்தால் இன்னும் கூடும். ஏற்காட்டில் இரவு ஆள் தூங்கிய காரின் கண்ணாடி காலையில் உட்புறம் வியர்த்திருக்குமே, கன்டெய்னரில் நடப்பதும் அதுதான். பகலில் தகரம் சூடேறும்போது துணியும் அட்டையும் ஈரத்தைக் காற்றில் விடும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையின் அடியில் சொட்டாகத் திரண்டு மேல் அடுக்கில் விழும். மெல்போர்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். நம் வைகாசி வெக்கையில் மூடிய கன்டெய்னர் நேராக அந்தக் குளிரில் போய் நிற்கும், அந்த மாதங்களில் சொட்டு அதிகம்.

பூஞ்சை முதலில் பிடிப்பது கஞ்சி போட்ட வேட்டியை. மாவுச்சத்து அதற்கு உணவு. ஏற்றுமதி வேட்டிக்குக் கஞ்சியைக் குறைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் தவிர்க்கச் சொல்லுங்கள். மடித்துப் பிரஸ் செய்த சூட்டோடு பாலிதீனில் போட வேண்டாம். ஆறும்போது உள்ளே வியர்க்கும். பேக்கிங் அறையில் ஒரு நாள் ஆறவிட்டு, ஈரமானி வைத்துப் பார்த்து, பருத்தி எட்டரையைத் தாண்டாமல் இருந்தால் மூடுங்கள். ஈரமானி பெரிய விலை இல்லை, ஒரு பெட்டி வேட்டி கெட்டால் போகும் பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மரப் பலகையின்மேல் அடுக்கினால் பலகையும் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் வழியெல்லாம் ஈரத்தைக் கக்கும்.

தனிக் கன்டெய்னர் என்றால் கால்சியம் குளோரைடு உறிஞ்சிப் பைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிட்டு, மேல் அடுக்கைக் கிராஃப்ட் தாளால் மூடுங்கள். எத்தனை பை என்பதைப் பயண நாளையும் சரக்கையும் சொன்னால் விற்பவர் கணக்கிடுவார். பை பெட்டியைத் தொடக்கூடாது. நிறைந்து கசிந்தால் அந்த உப்புத் தண்ணீரே துணியைக் கெடுக்கும். எல்சிஎல்லில் கன்டெய்னர் உங்களுடையது இல்லை. அதனால் பெட்டிக்குள் முழு பாலிதீன் உறை போட்டு, சிலிக்கா ஜெல் வைத்து மூடுவதுதான் வழி. விலை மலிவாக வரும் ‘பூஞ்சைத் தடுப்பு’ பொட்டலங்களைத் தொடாதீர்கள். டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொருள் அவற்றில் இருந்தால் தோலைப் புண்ணாக்கும். ஐரோப்பா 2009இல் அதைத் தடை செய்ததே இதற்காகத்தான்.

வெள்ளை வேட்டிக்கு இன்னொரு எதிரி உண்டு, அது ஈரம் இல்லை. சில பாலிதீன் உறைகளில் பிஎச்டி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும். அது துணியில் ஏறி, புகையிலும் வாகனக் காற்றிலும் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து மடிப்போரம் மஞ்சளாகும். துவைத்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் கடையில் விற்க முடியாது. உறை வாங்கும்போதே பிஎச்டி கலக்காதது என்று எழுத்தில் கேளுங்கள். ஜரிகை வைத்த சேலையைப் பழைய செய்தித்தாளில் சுற்றக் கூடாது. அமிலம் இல்லாத மெல்லிய தாள் வைத்து மடியுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை கறுக்கும்.

ஆஸ்திரேலியாவுக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. தாவர நோய், பூச்சி விஷயத்தில் அவர்கள் கண்டிப்பு அதிகம். சரக்கோடு பேக்கிங் டிக்ளரேஷன் என்ற கடிதம் உங்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு போக வேண்டும்: வைக்கோல் போன்ற தடை செய்த பொருள் வைக்கவில்லை, மரம் பயன்படுத்தினோமா இல்லையா, பயன்படுத்தினால் பூச்சி இல்லாமல் மரத்தைப் பக்குவம் செய்ததற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று. தடைப் பட்டியலில் காய்கறி, பழம் வைத்த பழைய பெட்டியும் உண்டு. சேலத்தில் மாம்பழ சீசன் முடிந்ததும் நல்ல அட்டைப்பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும். வேண்டாம். ஒரு பெட்டியில் மாம்பழப் படம் தெரிந்தால் போதும், மொத்தச் சரக்கும் நின்றுவிடும். என் யோசனை, மரமே இல்லாமல் அனுப்பிவிடுங்கள்.

லேபிளில் இந்தியாவில் தயாரானது என்பதும், நூல் விகிதமும், துவைக்கும் முறையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எந்தப் பொருளுக்கு எந்த வாசகம் என்பதை வாங்குகிறவரின் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். லேபிள் தைத்தபின் திருத்துவது 150 பெட்டியையும் பிரிக்கும் வேலை.

வரிச் சலுகையை விட்டுவிடாதீர்கள். இந்தியா, ஆஸ்திரேலியா இடையிலான இசிடிஏ என்ற வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி நம் ஜவுளிக்கு அங்கே சுங்கவரி இல்லை. அதன் கீழான பிறப்பிடச் சான்று இல்லாமல் போனால் பெரும்பாலான துணிக்கு 5 சதவீதம் விழும், அதற்கு மேல் 10 சதவீத ஜிஎஸ்டி எப்படியும் உண்டு. சான்றுக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கப்பல் கிளம்புவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். நூலும் நெசவும் இங்கேயே என்றால் சிக்கல் இல்லை. இறக்குமதி நூலோ துணியோ கலந்திருந்தால் விதியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இங்கேதான் இளம்பிள்ளைச் சேலை கொஞ்சம் தொந்தரவு தரும். கடையில் சில்க் என்று பேச்சுவழக்கில் சொல்லுவோம். இன்வாய்ஸில் அப்படி எழுதக்கூடாது. பொருளுக்கான சுங்கக் கோடு, பாலியஸ்டர் நூல் சேலைக்கு 5407, பட்டுக்கு 5007. பெயரில் பட்டு, கோடில் பாலியஸ்டர் என்று போனால் சுங்கத்தில் பெட்டி திறப்பார்கள், சான்றும் செல்லாது. தைக்காத வேட்டி, சேலை இரண்டும் துணிக் கணக்கு, பருத்தி வேட்டி 5208ன் கீழ் வரும். துண்டு தயார்நிலைப் பொருள், அது 6302. ஆறு இலக்கக் கோடை அந்த ஊர் புரோக்கரிடமும் காட்டி ஒத்துக்கொள்ள வையுங்கள்.

கோடு மாறுவதால், கட்டிய வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் அரசுச் சலுகையும் மாறும். 63ஆம் அத்தியாயத் துண்டுக்கு ஆர்ஓஎஸ்சிடிஎல், துணியாகப் போகும் வேட்டி, சேலைக்கு ஆர்ஓடிடெப். இரண்டையும் ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்) போடும்போதே கோர வேண்டும். விகிதமும் காலக்கெடுவும் அடிக்கடி மாறும் என்பதால் அந்த மாத நிலவரத்தை கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரியரில் அனுப்பியதால் ஐஈசி என்ற இறக்குமதி, ஏற்றுமதி எண் உங்களிடம் இருக்கும். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்தீர்களா? ஒன்றும் மாறாவிட்டாலும் உறுதி செய்ய வேண்டும், தவறினால் முடங்கிவிடும். லாரி தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபின் இது தெரிவதுதான் மோசம். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் அடையாள எண்ணான ஏடி கோடு எந்தத் துறைமுகத்தில் ஏற்றுகிறீர்களோ அதற்குப் பதிவாகியிருக்க வேண்டும். ஐஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்யுடி என்ற உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும்.  பேக்கிங் லிஸ்டில் பெட்டி 1/150, 2/150 என எண் போட்டு, எந்தப் பெட்டியில் என்ன, எத்தனை, நிகர எடை, மொத்த எடை என்று எழுதுங்கள். சோதனைக்குச் சுங்க அதிகாரிகள் ஒரு வேட்டிப் பெட்டி கேட்டால் எண்ணைச் சொல்லி எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் ஆவணம், ஒரிஜினல் மூன்று பிரதி வரும். அதில் ஒன்றைக் கொடுத்தாலே சரக்கை எடுத்துவிடலாம். தெரிந்தவர்தானே என்று கேட்டவுடன் ‘சரண்டர்’ (ஒரிஜினல் காட்டாமலே அங்கே சரக்கை விடுவிக்கும் ஏற்பாடு) போடச் சொல்லிவிட்டால் உங்கள் பிடி போய்விடும். முதல் தடவை என்பதால் முப்பது சதவீதம் முன்பணம், மீதி பில்லின் ஸ்கேன் பார்த்தவுடன், பணம் வங்கியில் வந்தபின் சரண்டர் என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மனவருத்தம் வராமல் இருக்கத்தான் எழுத்து. எல்சிஎல்லில் உங்கள் கைக்கு வருவது கப்பல் கம்பெனியின் பில் இல்லை, சரக்கைத் திரட்டி அனுப்பும் ஃபார்வர்டர் கொடுக்கும் ஹவுஸ் பில். அதனால் அவர் யார் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விலையை எஃப்ஓபி என்று பேசினால் கப்பல் ஏறும் வரை பொறுப்பு உங்களுடையது, சரக்கு சிஎஃப்எஸ்ஸில் கிடக்கும் நாட்களும் அதில் சேரும். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏ பொருத்தம், அதில் பேசிய இடத்தில் சரக்கை ஒப்படைத்ததும் உங்கள் பொறுப்பு முடியும். நீங்களே ஃப்ரைட்டும் இன்சூரன்ஸும் கட்டுவதென்றால் சிஐபி என்ற முறை. இன்சூரன்ஸை மிக விரிவான காப்பான ‘ஏ’ பிரிவில், சரக்கு விலையோடு ஃப்ரைட்டும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்புக்குப் பத்து சதவீதம் கூட்டி, அம்மாப்பேட்டை கிடங்கிலிருந்தே தொடங்கும்படி எடுங்கள். ஈரத் துணியைப் பேக் செய்து பூஞ்சை பிடித்தால் அதற்கு இழப்பீடு கிடைக்காது, அது சரக்கின் குறை என்று கழித்துவிடுவார்கள். ஆனால் கப்பல் நெருப்பிலோ புயலிலோ மாட்டி மற்றவர் சரக்கைக் கடலில் தள்ளினாலும், பத்திரமாக வந்த உங்கள் பெட்டிகளை விடுவிக்கப் பங்குப் பணம் கேட்பார்கள். பாலிசி இருந்தால் அதை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியது, ஒரு மாதிரிப் பெட்டியை நிரப்பி, டேப் ஒட்டி, இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் புடைப்போடு வெளி அளவு எடுப்பது. அந்த அளவையும் எடையையும் கொடுத்து, சென்னை, தூத்துக்குடி இரண்டிலிருந்தும், எல்சிஎல்லுக்கும் இருபது அடிக்கும், மெல்போர்ன் செலவோடு சேர்த்து மறுபடி கொட்டேஷன் கேளுங்கள். ‘ஃப்ரைட் வேண்டாம்’ என்றவரிடமும் கேளுங்கள், மெல்போர்ன் பக்கத் தொகையை எழுதித் தருகிறாரா என்று பார்க்கலாம்.